முதல் விடுமுறை முடிந்து வெளிநாட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

வேலைக்காக முதன்முதலில் வெளிநாடு கிளம்பியபோது உங்களைச் சுற்றிப் பலர் இருந்திருப்பார்கள். விசா எடுத்துக் கொடுக்க ஒருவர், டிக்கெட் அனுப்ப ஒருவர், இறங்கிய இடத்தில் பெயரெழுதிய அட்டையோடு காத்திருக்க ஒருவர். ஒன்றிரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்து திரும்பும்போது அவர்களில் ஒருவரும் உடன் இருக்க மாட்டார்கள். 'அதான் போய்ப் பழகியாயிற்றே' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். முதல் பயணத்தில் மாட்டிக்கொண்டவர்களைவிடத் திரும்பும் பயணத்தில் மாட்டிக்கொண்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

முதல் விடுப்பின்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். புதியது கையில் வந்த மகிழ்ச்சியில் பழையதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். செல்லுபடியாகும் விசா அந்தப் பழைய பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறது என்பது விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் "விசா எங்கே?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. தம்பி எங்கள் வீட்டுக்கு ஓடி, பூட்டை உடைத்து எடுத்துவந்து சேர்த்தபோது கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திரும்பும் வேலை விடுப்பின் கடைசி நாளில் தொடங்குவதில்லை. விடுப்புக்குக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்பும் முன்: திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா?

வேலை செய்ய அனுமதி, அந்த நாட்டில் தங்க அனுமதி, வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வர அனுமதி. இவை மூன்றும் ஒன்றல்ல. சில நாடுகளில் மூன்றும் ஒரே அட்டையில் அடங்கிவிடும். சில நாடுகளில் தனித்தனி. இது தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

சவூதி அரேபியாவில் இகாமா என்னும் வசிப்பு அட்டை மட்டும் இருந்தால் போதாது. விடுப்பில் போகிறவருக்கு 'எக்ஸிட் ரீ-என்ட்ரி' விசா வேண்டும். அதில் போட்டிருக்கும் காலத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். நாட்கள் போதாது என்று தெரிந்தால், காலம் முடிவதற்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி ஆன்லைனில் நீட்டிக்கச் சொல்லுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண வசிப்பு விசா செல்லாமல் போய்விடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று விடுப்பை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு பொறி இருக்கிறது. மனு ஒப்புதல் கடிதமான ஐ-797 இன்னும் இரண்டு வருடம் செல்லும் என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா காலாவதியாகியிருக்கும். நாட்டுக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெளியே கால் வைத்துவிட்டால், புது விசா ஒட்டாமல் திரும்ப முடியாது. தூதரகத்தில் தேதி கிடைக்கக் காத்திருப்பதிலேயே விடுமுறை கரைந்துவிடும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் விசாத் தாளைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால், தூதரக நேரம் உறுதியான பிறகே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

பிரிட்டனில் பெரும்பாலான பிளாஸ்டிக் வசிப்பு அட்டைகள் 2024 டிசம்பர் 31 என்ற தேதியோடு முடிந்துவிட்டன. இப்போது எல்லாம் ஈ-விசா. அது ஆன்லைன் கணக்கில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. ஊரில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். திரும்பும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. கேட்காத நாட்டுக்குப் போனாலும் ஆறு மாதம் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால், தங்கும் காலத்தைக் குறிக்கும் ஐ-94 பதிவையும் அந்தத் தேதியோடு நிறுத்திவிட அதிகாரிக்கு உரிமை உண்டு. விசா மூன்று வருடம் இருக்கிறதே என்று நம்பியிருந்து, ஐ-94 எப்போதோ முடிந்துபோனது தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. இரண்டாவது, நான் பட்ட பாடம்: பழைய பாஸ்போர்ட்டில் உயிருள்ள விசா இருந்தால் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டிக் கைப்பையில் வையுங்கள்.

விடுப்புத் தாள், சிம், வங்கி

விடுப்பு ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மேலாளர் 'ஓகே' என்று போட்டது போதாது. வேலையில் மீண்டும் சேரும் நாள் எது என்று அதில் தெளிவாக இருக்கட்டும். 'விடுப்பு 30 நாள்' என்பதை ஊழியர் ஒரு விதமாக எண்ணுவார், அலுவலகம் வேறு விதமாக எண்ணும். பயண நாட்கள் உள்ளே வருமா, வார ஓய்வு நாள் சேருமா என்பதில்தான் தகராறு வரும்.

வேலை செய்யும் நாட்டு சிம்மை அணைய விடாதீர்கள். வங்கி, வசிப்பு அனுமதி, அரசுச் செயலிகள் எல்லாமே அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகின்றன. ப்ரீபெய்டு எண்ணை நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் போதுமான காலத்துக்கு ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை, கடன் தவணை, கார்டு பாக்கி இவை நீங்கள் இல்லாத நாட்களில் தானாகக் கட்டப்படும்படி கணக்கில் பணம் விட்டுவையுங்கள். அலுவலகக் கணினியின் கடவுச்சொல் விடுப்பில் இருக்கும்போது காலாவதியாகுமா என்பதையும் பாருங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் திரும்பிய முதல் நாள் காலை முழுவதும் அதிலேயே போய்விடும்.

டிக்கெட்

போக, வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பயணத்தின் ஒரு கட்டத்தில், அதாவது ஒரு விமானத்தில், ஏறாமல் விட்டால், அதற்குப் பின் வரும் கட்டங்கள் எல்லாம் ரத்தாகிவிடும். போகும்போது முதல் விமானத்தைத் தவறவிட்டு வேறு டிக்கெட் எடுத்து ஊர் வந்து சேர்ந்தவர், திரும்பும் டிக்கெட் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். அது அன்றே போயிருக்கும். அப்படி நேர்ந்தால் அன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திரும்பும் கட்டத்தை உயிரோடு வைக்கச் சொல்லுங்கள்.

மலிவு என்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. இடையில் இறங்கும் ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டும். அந்த நாட்டு விசா இல்லையென்றால் முதல் விமான நிலையத்திலேயே ஏற்ற மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மிச்சமாகும் பணத்துக்கு இந்தக் கவலை கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

தேதியை வைக்கும்போது வேலையில் சேர்வதற்கு முன் முழுதாக ஒரு நாள் கையில் இருக்கட்டும். வீட்டில் ஒரு நாள் கூட இருக்கலாமே என்று மனம் கெஞ்சும். எனக்கும் கெஞ்சியது. காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டு மணிக்கு வேலைக்குப் போனவன் நான். அன்று செய்த தவறுகளைத் திருத்த அடுத்த பத்து நாள் ஆயிற்று.

கடைசி வாரம்: பெட்டி

எடையை வீட்டிலேயே பாருங்கள். டிக்கெட்டில் 40 கிலோ என்று இருந்தாலும் பல நிறுவனங்கள் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் வாங்காது. தூக்குகிறவர்களின் முதுகைக் காக்கும் விதி அது.

பவர் பேங்க் கண்டிப்பாகக் கைப்பையில்தான் வர வேண்டும்; பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-மணி (Wh) திறன் வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. கணக்கு எளிது: எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. திறன் எழுதியது அழிந்துபோன பழைய பவர் பேங்கை விட்டுவிட்டுப் போங்கள். படிக்க முடியாவிட்டால் பிடுங்கிக்கொள்ள அதுவே காரணம்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானித்துப் படியுங்கள். ஊரில் கடையில் கேட்டாலே கிடைக்கும் மாத்திரை, வேலை செய்யும் நாட்டில் போதைப்பொருளாக இருக்கலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் கலந்த வலி மாத்திரை இரண்டும் எமிரேட்ஸில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன்கூட்டியே சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். ஜப்பானில் சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்குத் தடை. அபினிச் செடியின் விதையான கசகசாவைக்கூட எமிரேட்ஸ், சவூதி, சிங்கப்பூர் ஆகியவை தடை செய்திருக்கின்றன. 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எந்த நாட்டிலும் எடுபடாது. மருந்தை அதன் அட்டைப்பெட்டியோடு, மருத்துவர் சீட்டோடு, மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) தெரியும்படி, உங்களுக்குத் தேவையான நாட்களுக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வேலை செய்யும் நாட்டின் பட்டியலில் அந்த மூலப்பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இனி மற்றவர்கள் தரும் பொட்டலம். விடுப்பு முடிந்து கிளம்பும் செய்தி பரவியதும், 'அங்கே என் பையனிடம் கொடுத்துவிடுப்பா' என்று நாலு பேர் வருவார்கள். முகத்தில் அடித்தாற்போல மறுக்க மனம் வராது. ஆனால் பெட்டியில் இருப்பது எல்லாம் சட்டத்தின் கண்ணில் உங்களுடையது. யார் கொடுத்தார், உள்ளே என்ன இருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான். நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது: என் கண் முன்னால் பிரித்துக் காட்டி, நானே திரும்பக் கட்டினால் மட்டும் எடுத்துப் போவேன். மருந்து, தூள், தைத்து மூடிய பொருள் எதுவானாலும் யாருக்காகவும் எடுப்பதில்லை. இதைச் சொன்னதால் ஒரு உறவினர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு அந்நியச் சிறையில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாது.

பணமாக எடுத்துச் செல்வதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேலும் கொண்டுபோனால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம்.

கடைசி இரண்டு நாள்

இந்த இரண்டு நாட்களில் எந்த வெளிவேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வங்கி, பதிவு அலுவலகம், பல் மருத்துவர் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கிளம்பும் நாள் மாலை வரை ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, வாசலில் நின்று அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் வண்டியேறிய நினைவு அடுத்த விடுப்பு வரை குத்திக்கொண்டே இருக்கும்.

வீட்டாரிடம் மூன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள்: உங்கள் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல், நிறுவனத்தில் ஒருவரும் உடன் தங்கியிருப்பவர் ஒருவரும் என இரண்டு தொடர்பு எண்கள், பெற்றோர் சாப்பிடும் மருந்துகளையும் அவர்களுடைய மருத்துவரையும் எழுதிய தாள். மூன்றாவது உங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும். நள்ளிரவில் போன் வரும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

சிறு குழந்தை இருந்தால் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அழுகையைத் தவிர்ப்பதாகத் தோன்றும். விழித்துப் பார்க்கும் குழந்தைக்கு, சொல்லாமல் காணாமல் போகக்கூடியவர் நீங்கள் என்ற பயம்தான் மிஞ்சும். எப்போது கிளம்புகிறீர்கள், எப்போது போனில் பேசுவீர்கள் என்று அதற்குப் புரியும் மொழியில் சொல்லி, அழுதால் அழவிட்டுக் கிளம்புங்கள்.

விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். சர்வதேச விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டுகள், வசிப்பு அட்டை, விடுப்புத் தாள், வேலைக் கடிதம் எல்லாம் ஒரே உறையில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்தபோது ஒன்றும் இருக்காது. தாளிலும் ஒரு பிரதி வேண்டும்.

சில நாடுகள் வருகை அட்டையை முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்பச் சொல்கின்றன. சிங்கப்பூருக்கு விமானத்தில் வருகிறவர்கள், வேலை அனுமதி வைத்திருப்பவர்களும்கூட, வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் பதிவு செய்து, எண்ணோடு தாள் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமானால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். நாள் தாண்டினால் உரிமை போய்விடும்.

திட்டமிட்ட நாளில் திரும்ப முடியாமல் போனால்

விமானம் ரத்தாகலாம், காய்ச்சலில் படுக்கலாம், வீட்டில் ஒரு மரணம் நேரலாம். அப்போது செய்யக்கூடாத ஒன்று, அலுவலகத்தின் போனை எடுக்காமல் இருப்பது. கூச்சத்திலும் பயத்திலும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். சட்டங்கள் இதில் கடுமையானவை. எமிரேட்ஸ் தொழிலாளர் சட்டப்படி, தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 7 நாட்களுக்கு மேல் வராதவரை முன்னறிவிப்பின்றி நீக்கலாம். சவூதியில் அது 15 நாள். 'தகுந்த காரணம்' என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே அன்றே மின்னஞ்சல் போடுங்கள். ரத்தான விமானத்துக்கு விமான நிறுவனத்தின் கடிதம், நோய்க்கு மருத்துவமனைச் சான்று, மரணத்துக்குச் சான்றிதழ் என இணைத்து, எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்று எழுதுங்கள். மீண்டும் நுழையும் விசாவின் தேதியையும் உடனே பாருங்கள். வேலை காப்பாற்றப்பட்டு விசா போய்விட்டால் பயனில்லை.

இறங்கிய பின்

பல வாரம் பூட்டிக்கிடந்த அறையில் முதல் வேலை, குழாய்களையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிடுவது. தேங்கிய நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும்; அந்தத் துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய் வரலாம். ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள்.

நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். கிழக்கு நோக்கிப் போகும்போது இன்னும் கஷ்டம். பகல் வெளிச்சத்தில் இருப்பதுதான் சிறந்த மருந்து. தூக்கம் கெட்ட நிலையில் விமான நிலையத்திலிருந்து தானே கார் ஓட்டிப் போவதும், முதல் நாளே உயரத்தில் ஏறுவதும், இயந்திரத்தில் நிற்பதும் வேண்டாம். மேற்பார்வையாளரிடம் சொல்லி இலகுவான வேலை கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியா இல்லாத நாட்டு மருத்துவருக்கு அது முதலில் நினைவுக்கு வராது.

மறுநாள் அலுவலகத்தில் முதலில் வேலையில் சேர்ந்ததற்கான படிவத்தில் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். சம்பளம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்ள நிறுவனம் கேட்டால், எமிரேட்ஸ், கத்தார், சவூதி உட்படப் பல நாடுகளில் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மின்னஞ்சல் குவியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவரிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டால், அதில் முக்கால்வாசி ஏற்கெனவே முடிந்துபோனது என்று தெரியும்.

வீட்டு நினைப்பு இறங்கிய அன்று அவ்வளவாகத் தெரியாது. களைப்பும் வேலையும் மூடிவிடும். எனக்கு முதல் வார ஓய்வு நாளில்தான் வந்து அழுத்தியது. எழுந்திருக்கக் காரணம் இல்லாத காலை, பிரித்து அடுக்காத பெட்டி, அதைத் திறந்தால் வரும் வீட்டு வாசனை. அந்த நாளைத் தனியாகக் கழிக்காதபடி இப்போதே யாரிடமாவது பேசி வையுங்கள். பெட்டியை இறங்கிய அன்றே பிரித்துவிடுங்கள். வீட்டுக்குப் பேச ஒரு நிலையான நேரம் வைத்துக்கொண்டால் அங்கே இருப்பவர்களும் அந்த நேரத்துக்குக் காத்திருந்து பழகுவார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கமின்றி, சாப்பிடப் பிடிக்காமல், வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தால் அது வெறும் வீட்டு ஏக்கம் என்று ஒதுக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த முதல் வாரத்திலேயே போனில் மூன்று தேதிகளைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு மாதம் முன்னதாக மணி அடிக்கச் செய்யுங்கள்: பாஸ்போர்ட் முடியும் நாள், வசிப்பு அனுமதி முடியும் நாள், விசா முடியும் நாள். அடுத்த விடுப்பை எப்போது கேட்பது என்று அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.